நாலு நாளுன்னு நான் சொன்ன பாலம்

மிலிட்டரிக்காரங்க ஒரு நாளைக்கு எவ்ளோ வேலை செய்வாங்கன்னு யாராவது உங்களைக் கேட்டா, பட்டுனு பதில் சொல்லிடாதீங்க. நான் சொல்லிட்டேன். ஒரு மீட்டிங்ல, பதினஞ்சு பேரு பார்த்துக்கினு இருக்கும்போது, கால்குலேட்டரைக் கூட தொடாம, "நாலு நாளு சார்"னு சொல்லிட்டேன். அந்த நாலு நாளு என்னைப் படுத்தின பாடு இருக்கே, அப்பப்பா! இப்போ நெனச்சா சிரிப்பு வருது.

நான் திருப்பதியில ரோடு டிபார்ட்மென்ட்ல சைட் இன்ஜினியர். கான்ட்ராக்ட் வேலைதான். சொந்த ஊரு நகரி, வீட்டுத் தொழிலு பவர்லூம். சித்தூர்ல டிப்ளமா முடிச்சு, சாக்கடை, கல்வெர்ட், தார் ரோடுன்னு சின்னச் சின்ன வேலைக்கு எஸ்டிமேட் போட்டுக்கினு இருந்தவ. எனக்கு வாய் கொஞ்சம் முந்திக்கும். நைனா அடிக்கடி சொல்வாரு, "உனக்கு மூளைக்கு முன்னாடி நாக்கு ஓடுதுடி"ன்னு. அன்னிக்கு அதுதான் நடந்துச்சு.

அந்த வருஷ மழையில நாகலாபுரத்துக்கு அந்தாண்ட இருந்த ஆத்துப் பாலம் அடிச்சுக்கினு போயிடிச்சு. அக்கரையில மூணு ஊரு. சுத்திக்கினு வர்ற ரோடும் ரெண்டு எடத்துல அறுந்து கெடக்கு. ஆத்துல தண்ணி ஆழம் ஒண்ணும் இல்ல, இடுப்பளவுதான். ஆனா இழுப்பு இருக்கே, மரத்தைக் கூட வேரோட உருட்டிக்கினு போவுது. படகும் போவாது, ஆளும் நிக்க முடியாது. அதனால ராணுவத்துல கட்டுமான வேலை செய்யிற ஒரு பிரிவை வரவழைச்சு, இரும்புப் பாலம் ஒண்ணு போடச் சொல்லியிருந்தாங்க. துண்டு துண்டா கொண்டாந்து கரையில பூட்டி, உருளை மேல வச்சு அக்கரைக்குத் தள்ளுவாங்களே, அந்த மாதிரிப் பாலம்.

அக்கரையிலதான் என் சின்னம்மா மாட்டிக்கினு இருந்தா. அம்மாவோட கடைசித் தங்கச்சி. எனக்கும் அவளுக்கும் ஏழு வயசுதான் வித்தியாசம், அதனால வா போன்னுதான் பேசுவேன். அவ ஒன்பதாவதோட படிப்பை வுட்டவ. கல்யாணம், ரெண்டு புள்ளைங்க எல்லாம் ஆனப்புறம் ஓபன் ஸ்கூல்ல பேரைக் கொடுத்து, வுழுந்து எழுந்து பத்தாவது பாஸ் பண்ணா. எதுக்கு? அவங்க ஊரு அங்கன்வாடி டீச்சர் வேலைக்கு. அதுக்கு இன்டர்வியூ லெட்டர் வந்து கையில இருக்கு. அடுத்த திங்கக்கிழமை, காலையில பத்து மணிக்கு, திருப்பதியில. நேர்ல போவலன்னா லிஸ்ட்ல அடுத்து இருக்கிறவங்களுக்குப் போயிடும். வர்ற மாசம் அவளுக்கு வயசு வரம்பு தாண்டுது, அப்புறம் ஜென்மத்துக்கும் அந்த வேலைக்கு அப்ளை பண்ண முடியாது.

இப்போ மீட்டிங்குக்கு வாங்க. எங்க டிபார்ட்மென்ட் பெரிய சார் பேப்பரைப் பார்த்துக்கினே கேட்டாரு. "மிலிட்டரி ஆளுங்க நாற்பது பேரு வர்றாங்க. இந்தக் கரையில மண்ணு அரிச்சுப் போன எடத்துல நூறு வலைப் பொட்டி அடுக்கணும், அதுமேல பாலம். எத்தினி நாளு ஆவும்? அக்கரை ஊருக்காரங்க நாலஞ்சு பேருக்கு திங்கக்கிழமை இன்டர்வியூ இருக்காம். பாலம் முடியாதுன்னா இன்டர்வியூவைத் தள்ளி வைக்கச் சொல்லி இன்னிக்கே லெட்டர் போடணும்."

வலைப் பொட்டின்னா ஒண்ணுமில்ல. கம்பி வலையில பெட்டி மாதிரி செஞ்சு, உள்ள கருங்கல்லை நெருக்கமா அடுக்கி, மூடியைக் கம்பியால தச்சுடுவாங்க. அதை வரிசையா வச்சா கரை அசையாது. எங்க டிபார்ட்மென்ட் புக்குல, இத்தினி ஆளு சேர்ந்தா ஒரு நாளைக்கு இத்தினி பொட்டின்னு இருக்கு. நான் மனசுல ஓட்டிப் பார்த்தேன். நாற்பது பேரு. அதுவும் மிலிட்டரி! நம்ம ஆளுங்க மாதிரியா, பீடி புடிக்கவும் போன் பேசவும் நிப்பாங்க? ஒருத்தன் ஒன்றரை ஆளு வேலை செய்வான். ஒரு நாளைக்கு முப்பத்தஞ்சு பொட்டி. மூணு நாள்ல கரை, நாலாவது நாளு பாலம்.

இது கணக்கு. ஆனா உண்மை என்னன்னா, அந்தக் கணக்கைப் போடறதுக்கு முன்னாடியே எனக்கு பதில் வேணும்னு இருந்துச்சு. இன்டர்வியூ தள்ளிப் போனா எப்போ வைப்பாங்களோ, அதுக்குள்ள சின்னம்மாவுக்கு வயசு தாண்டிடுமேன்னு பயம். அதனால லெட்டர் போவக்கூடாது. அதனால பாலம் வெள்ளிக்கிழமை முடியணும். அதனால நாலு நாளு! இப்டி பின்னாடியிருந்து முன்னாடி போட்ட எஸ்டிமேட் அது. வாயைத் தொறந்து சொல்லியும் தொலைச்சேன். பெரிய சார் "வெரி குட்"னு எழுதிக்கினாரு. லெட்டர் போவல.

அன்னிக்கு சாயந்தரமே சின்னம்மாவுக்கு போன் போட்டேன்.

"ஏய், வெள்ளிக்கிழமை பாலம் ரெடி. திங்கக்கிழமை ராணி மாதிரி நடந்து வரலாம் நீ."

"நெஜமாவா சொல்ற? நான் இங்க வேற யோசனை பண்ணிக்கினு இருந்தேன். இடுப்பளவு தண்ணிதானே, ரெண்டு ஆம்பளைங்க கையைப் புடிச்சா எறங்கி வந்துடலாம்னு."

"செருப்பால அடிப்பேன். தண்ணில கால் வச்சேன்னு கேள்விப்பட்டா நான் அந்தாண்டயே வரமாட்டேன். சத்தியம் பண்ணு."

"சரி, சத்தியம். உன் நாலு நாளு மேல சத்தியம்"னு சிரிச்சா. எனக்கு அப்போ அது இனிப்பா இருந்துச்சு.

செவ்வாக்கிழமை காலையில ஸ்கூட்டியில சைட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மிலிட்டரி லாரிங்க வரிசையா நிக்குது, பச்சைக் கூடாரம், எங்க பார்த்தாலும் பூட்ஸ். மனசு துள்ளுச்சு. முதல் வேலையா தலையை எண்ணினேன். நாற்பது சரிதான். அப்புறம் கல்லை அடுக்கறவங்களை எண்ணினேன். பத்தொம்போது! திருப்பி எண்ணினேன். பத்தொம்போதுதான்.

மீதி ஆளுங்க எங்கன்னு தேடினா, மூணு பேரு சமையல். ஆறு பேரு டிரைவர். நாலு பேரு துப்பாக்கியோட காவல். ஒருத்தரு ஒயர்லெஸ், ஒருத்தரு மருந்துப் பொட்டி, ஒருத்தரு சாமான் கணக்கு. அஞ்சு பேரு இடுப்புல கயித்தைக் கட்டிக்கினு தண்ணியைத் தாண்டி அக்கரையில பாலம் வந்து உக்கார்ற எடத்தைச் சரி பண்ணிக்கினு இருந்தாங்க. அய்யோ சாமி! நம்ம மேஸ்திரி பத்து ஆளுன்னா பத்தும் மம்பட்டியோட நிக்கும். இவங்க வீட்டையே தூக்கிக்கினு வர்றவங்க. சோறாக்கவும் வாசல்ல நிக்கவும் அவங்க ஆளே வேணும். இத்த எந்தப் புக்கும் எனக்கு சொல்லல, நானும் கேக்கல.

நான் பார்த்துக்கினு இருக்கும்போதே அந்த அஞ்சு பேர்ல ஒருத்தர் கால் வழுக்கி வுழுந்தாரு. கண்ணை மூடித் தொறக்கிறதுக்குள்ள ஒரு லாரி நீளத்துக்கு இழுத்துக்கினு போச்சு. கயிறு இருந்துச்சு, பொழைச்சாரு. இத்தினிக்கும் மலை மாதிரி ஆளு. எனக்கு உடனே சின்னம்மாதான் ஞாபகத்துக்கு வந்தா. அவ எடை நாற்பத்தஞ்சு கிலோ கூட இருக்காது.

சாயந்தரம் பொட்டியை எண்ணினேன். பதினாலு. முப்பத்தஞ்சு எங்க, பதினாலு எங்க! விரலை மடக்கிப் பார்த்தேன். இந்த வேகத்துல நூறு பொட்டிக்கு ஏழு நாளு, பாலத்துக்கு ஒரு நாளு. எட்டு. அடுத்த செவ்வாக்கிழமை முடியும், அதாவது இன்டர்வியூவுக்கு மறுநாளு. பெரிய சாருக்கு போன் பண்ணி அழாத குறையா சொல்லி, தள்ளி வைக்கச் சொல்ற லெட்டரை இப்போ போட முடியுமான்னு கேட்டேன். அவரு நல்ல மனுஷன், திட்டல. "ரிப்போர்ட் மேல போயிடிச்சேம்மா. கேட்டுப் பார்க்கிறேன், ஆனா நம்பிக்கை வச்சுக்காத. ஏன், மிலிட்டரிக்காரங்க வேலை செய்யலியா?"ன்னு கேட்டாரு.

அந்தக் கேள்வி எங்கியோ கேட்ட கேள்வியா இருந்துச்சு. யோசிச்சு யோசிச்சு, மறுநாள் காலையில பல்லு தேய்க்கும்போது புடிபட்டுச்சு.

எனக்கு எட்டு வயசு இருக்கும்போது அம்மாவோட கை தறியில மாட்டி ரெண்டு வெரலு நசுங்கிடிச்சு. நாங்க கூலிக்கு ஓட்டுற தறிங்க, நாலு தறி. நின்னா சோறு நிக்கும். அப்போ சின்னம்மாவுக்குப் பதினஞ்சு வயசு. பரீட்சை முடிஞ்ச லீவுல "ரெண்டு மாசம் ஒத்தாசைக்கு"ன்னு நகரிக்கு வந்தவ, அம்மா எடத்துல தறியில நின்னா. ரெண்டு மாசம் ரெண்டு வருஷம் ஆச்சு, அப்புறம் கல்யாணம் ஆச்சு. நான் வேன்ல ஏறி ஸ்கூலுக்குப் போனேன், அவ போவல. முதலாளி வாரா வாரம் வந்து கத்துவாரு, "துணி மீட்டரே வரலியே, இந்தப் பொண்ணு வேலை செய்யுதா, தூங்குதா?"ன்னு. ஒரு நாளு அவளுக்குக் கோவம் பொத்துக்கினு வந்துச்சு. என் ஸ்கூல் பையிலேர்ந்து சாக்பீஸைப் புடுங்கினா. அன்னிலேர்ந்து தறி ஒவ்வொரு தபா நிக்கும்போதும் செவுத்துல ஒரு கோடு, பக்கத்துல எதுக்கு நின்னுச்சுன்னு ஒரு எழுத்து. கரண்டு போனா 'க'. நூல் அறுந்தா 'அ'. நூல் வரலன்னா 'நூ'. அடுத்த வாரம் முதலாளி வந்து கத்த வாயைத் தொறந்தாரு. இவ செவுத்தைக் காட்டினா. செவுரு பூரா 'நூ'! "தறியை நான் நிறுத்தல. நீங்க அனுப்ப வேண்டிய நூல் வரல"ன்னு சொன்னா. அப்புறம் நூல் நேரத்துக்கு வந்துச்சு.

புதன்கிழமை சைட்டுக்குப் போகும்போது வழியில ஒரு கடையில சாக்பீஸ் பாக்கெட் வாங்கினேன். எழுத எடம்? என் ஸ்கூட்டி சீட்டு கறுப்பு, நல்லா அகலம். வேப்பமரத்து நிழல்ல வண்டியை நிறுத்திட்டு, கையில வாட்சைக் கட்டிக்கினு ஆரம்பிச்சேன். கல்லை அடுக்கற கை நின்னா ஒரு கோடு, பக்கத்துல காரணம்.

ரெண்டு மணி நேரத்துல எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அந்தப் பத்தொம்போது பேரு செய்யிற வேலை இருக்கே! ஆறு ஆறு பேரா மூணு கூட்டம், ஒருத்தரு மேற்பார்வை. கல்லு கையில இருந்துச்சுன்னா, ஒரு பொட்டியை முக்கா மணி நேரத்துல அடுக்கித் தச்சு மூடிடறாங்க. கல்லு கை மாறி கை மாறி வர்றது கண்ணுக்கே தெரியல. நம்ம கேங்குல பாதி நாளு ஆவும். நான் நெனச்ச வேகம் அவங்ககிட்ட இருந்துச்சு! பாதி ஆளுதான், ஆனா வேகம் ரெட்டிப்பு. என் கணக்கு அதுல தப்பல.

தப்பினது வேற எடத்துல. மூடின உடனே அவங்க கை நிக்குது. ஏன்னா கல்லு இல்ல. மெயின் ரோட்டுலேர்ந்து ஆத்துக்கு வர்றது ஒரே ஒரு வண்டி போவற அகல ஏரிக்கரை. ஒரு டிப்பர் கல்லைக் கொட்டி, ஒரு கிலோமீட்டர் ரிவர்ஸ்லயே போயி, ரோட்டுல ஏறினப்புறம்தான் அடுத்த டிப்பர் உள்ள வர முடியும். அதுவரைக்கும் மூணு கூட்டமும் கையைக் கட்டிக்கினு நிக்குது. தூரத்துலேர்ந்து பார்க்கிறவங்களுக்கு சோம்பேறிங்க மாதிரிதான் தெரியும். என் சீட்டுல கோடு மேல கோடு. டீக்கு ரெண்டு, மழைத் தூறலுக்கு ஒண்ணு, மிச்சம் எல்லாம் 'க', 'க', 'க'. இந்த 'க' கரண்டு இல்ல, கல்லு.

"ஏம்மா, இன்னா பண்ணிக்கினு இருக்கிற?"

திரும்பினா அந்த ஜவானுங்களை மேய்க்கிற சுபேதார். வேலூர் பக்கத்து ஆளு, அம்பது வயசு இருக்கும், ரெண்டு நாளா என்கிட்ட வணக்கத்துக்கு மேல பேசாதவரு. முகம் செவந்து இருந்துச்சு.

"என் பசங்களுக்கு கோடு போடுறியா? எத்தினி தபா நிக்கிறாங்கன்னு மேல எழுதிப் போடப் போறியா? ஏற்கனவே எங்க மேஜர் சாப் ஒயர்லெஸ்ல காய்ச்சிக்கினு இருக்காரு, ஏன் லேட்டு ஏன் லேட்டுன்னு. நீ வேறயா?"

"சார், கோவப்படாதீங்க. கோட்டைப் பார்க்காதீங்க, எழுத்தைப் பாருங்க."

குனிஞ்சாரு. முணுமுணுன்னு எண்ணினாரு. பாதியில நிறுத்திட்டு என்னைப் பார்த்தாரு, மறுபடி எண்ணினாரு. "எல்லாம் கல்லா?"

"எல்லாம் கல்லு சார். உங்க ஆளுங்க மேல ஒரு கோடு கூட இல்ல."

அந்த மனுஷன் முகம் மாறினது இன்னும் கண்ணுல நிக்குது. செல்போனை எடுத்து என் ஸ்கூட்டி சீட்டை நாலு பக்கமும் போட்டோ புடிச்சாரு. "இத்த அப்டியே சாப்புக்கு அனுப்பறேன். முப்பது வருஷ சர்வீஸ்ல என் ஆளுங்களுக்காக ஒருத்தரு எழுதின மொத ரிப்போர்ட்டு இதுதாம்மா, அதுவும் சீட்டு மேல!"ன்னு வாய் விட்டு சிரிச்சாரு.

"சிரிப்பு இருக்கட்டும் சார். கல்லுக்கு இன்னா வழி?"

வழி கண்ணுக்கு எதிர்லயே இருந்துச்சு. ஏரிக்கரைக்குப் பக்கத்துல மல்லாட்டை கொல்லைங்க, அதான் வேர்க்கடலை போடற நெலம். அறுப்பு முடிஞ்சு சும்மா கெடக்குது. மணல் கலந்த பூமி, மழை விட்டு ரெண்டு நாள்ல எறுகிப் போயிருந்துச்சு. டிப்பர் போவாது, பொதைஞ்சுடும். டிராக்டர் போவும்! டிப்பருங்க மெயின் ரோட்லயே கல்லைக் கொட்டிட்டுப் போயிடட்டும். டிராக்டருங்க கொல்லை வழியா வந்து, சுத்திக்கினு வேற வழியா திரும்பட்டும். எதுக்கு எதுவும் நிக்க வேணாம்.

மத்தியானம் சோறு கூட துன்னாம வண்டியை எடுத்தேன். விஜயபுரம் பக்கத்துல அம்மா வழி சொந்தக்காரங்க இருக்காங்க, அங்க ஆரம்பிச்சு வீடு வீடா போனேன். பாதித் தமிழு, பாதித் தெலுங்கு. "மிலிட்டரிக்கு டிராக்டர் வேணும்"னு சொன்னதும் ஒரு பெரியவரு, "யுத்தமா?"ன்னு கேட்டாரு. "இல்ல மாமா, கல்லு"ன்னேன். என் சின்னம்மா கதையையும் ஒளிக்காம சொன்னேன். நான் தப்பா சொன்ன நாலு நாளையும் சொன்னேன். சிலரு சிரிச்சாங்க, ஒரு அத்தை நல்லாத் திட்டுச்சு. "வாயாடி கழுதை, சொல்றதுக்கு முன்னாடி போயிப் பார்த்திருக்கலாம் இல்ல?"ன்னு. திட்டிட்டு உள்ள போயி, வூட்டுக்காரரை எழுப்பி டிராக்டர் சாவியைக் கையில கொடுத்துச்சு. கொல்லைக்காரங்களும் வரப்பை வெட்டி வழி விட்டாங்க.

அன்னிக்கு சாயந்தரம் சின்னம்மாவுக்கு உண்மையைச் சொல்லித்தான் ஆவணும். சொன்னேன்.

"சின்னம்மா, நான் தப்பு பண்ணிட்டேன். போயிப் பார்க்காம சொல்லிட்டேன். இப்டியே போனா செவ்வாக்கிழமைதான் முடியும்."

அந்தப் பக்கம் தண்ணி ஓடுற சத்தம் கேட்டுச்சு. ஆத்தங்கரையில நின்னு பேசிக்கினு இருந்திருக்கா.

"அப்போ நான் எறங்கறேன்"னா.

"வேணாம்! காலைப் புடிச்சுக் கேக்கறேன். நேத்து மலை மாதிரி ஒரு மிலிட்டரிக்காரரையே இழுத்துக்கினு போச்சு, நான் பார்த்தேன். நாளைக்கு டிராக்டர் வருது. ரெண்டு நாளு டைம் குடு. வெள்ளிக்கிழமை சாயந்தரம் வேற நம்பர் சொல்றேன். அந்த நம்பர் தப்பினா, நானே கயித்தைக் கட்டிக்கினு வந்து உன்னைக் கூட்டிக்கினு போறேன்."

"இப்பவும் ஆசையில சொல்றியா, கணக்குல சொல்றியா?"ன்னு கேட்டா. சுருக்குனு குத்திடிச்சு. மீட்டிங்ல பதினஞ்சு பேர்ல ஒருத்தரும் கேக்காத கேள்வி அது.

"வெள்ளிக்கிழமை கணக்குல சொல்றேன்"னேன்.

வியாழக்கிழமை மத்தியானம் முதல் டிராக்டர் கொல்லையைத் தாண்டி வந்துச்சு பாருங்க! பின்னாடியே ரெண்டு, மூணு, ஆறு. ஒருத்தரு மாரியம்மன் தேருக்குக் கட்டற மாதிரி டிராக்டருக்கு மாவிலை கட்டிக்கினு வந்தாரு. கல்லு மலை மாதிரி குவிஞ்சுது. மிலிட்டரிக்காரங்க அதைப் பார்த்துட்டு போட்ட கூச்சல் இருக்கே, விருந்து சோத்தைப் பார்த்தவங்க மாதிரி! அன்னிக்கு சாயந்தரம் இருவது பொட்டி. வெள்ளிக்கிழமை இருவத்தாறு. என் சீட்டுல கோடே வுழல. சாக்பீஸைக் கையில வச்சுக்கினு சும்மா உக்காந்திருந்தேன், அப்டி ஒரு சந்தோஷம் எனக்கு அதுக்கு முன்னாடி வந்ததில்ல.

சாயந்தரம் சுபேதாரும் நானும் ஒண்ணா உக்காந்து கணக்கு போட்டோம். இந்தத் தபா முன்னாடியிருந்து பின்னாடி. இருவத்தஞ்சு பொட்டி மிச்சம், சனிக்கிழமை முடியும். ஞாயித்துக்கிழமை பாலம் பூட்டணும். தள்ளறதுக்கும் பலகை போடறதுக்கும் திங்கக்கிழமை விடியற நேரம் ஆவும். அப்புறம் அவங்க லாரியே ஒரு தபா போயிட்டு வந்து சோதனை பண்ணணும், அதுக்கு முன்னாடி வெளி ஆளு கால் வைக்கக்கூடாது. சட்டம். "ஏழேகால்"னாரு சுபேதார். "நான் ஏழு இருவதுன்னு சொல்றேன் சார், அஞ்சு நிமிஷம் எதுக்காவது நிக்கும்"னேன்.

சின்னம்மாகிட்ட போன்ல சொன்னேன். "திங்கக்கிழமை, ஏழு இருவது. இது கணக்கு."

"ஏழரைக்கு ராகு காலம்டி!"ன்னு அலறினா. "வேலைக்குப் போற மொத அடியை ராகு காலத்துல எடுத்து வைக்கச் சொல்றியா?"

"பத்து நிமிஷம் இருக்கு இல்ல, வந்துடு!"

ஞாயித்துக்கிழமை ஒரு மழை பிடிச்சு ரெண்டு மணி நேரத்தைத் துன்னுச்சு. ஆனா அவங்க மதியச் சோத்தை நின்ன வாக்குல முடிச்சுக்கினு அந்த நேரத்தைத் திருப்பிப் புடிச்சாங்க. நான் சீட்டு ஈரத்தைத் துடைச்சுட்டு, பாலத்துல ஒவ்வொரு துண்டு பூட்டும்போதும் சீட்டோட பின்பக்கம் ஒரு கோடு போட்டுக்கினே இருந்தேன். திங்கக்கிழமை விடியறப்போ இரும்புப் பாலம் உருளை மேல நிக்குது. கல்லை அடுக்கினவங்க மட்டும் இல்ல, சமையல்காரரு, டிரைவரு, ஒயர்லெஸ்காரரு எல்லாரும் தோளு கொடுக்கறாங்க. நாற்பது பேருன்னு பேப்பர்ல இருந்துச்சே, அன்னிக்குத்தான் அந்த நாற்பதையும் ஒண்ணா பார்த்தேன். "ஜோர் லகாகே!"ன்னு, பலமாத் தள்ளுன்னு இந்தியில ஒருத்தரு கத்த, "ஹையா!"ன்னு எல்லாரும். பாலம் மெதுவா, மெதுவா, தண்ணி மேல மூக்கை நீட்டிக்கினு போவுது. இந்தக் கரையில டிராக்டர்காரங்க கத்தறாங்க, அக்கரையில மூணு ஊரும் நின்னு கத்துது. நானும் கத்தினேன், தொண்டை கட்டிப் போச்சு. ஆறே முக்காலுக்கு அக்கரையில போயி உக்காந்துச்சு. பலகை போட்டாங்க. லாரி ஏறுச்சு. போச்சு, திரும்பி வந்துச்சு. வாட்சைப் பார்த்தேன், ஏழு இருவத்தி ரெண்டு.

சுபேதாரும் வாட்சைப் பார்த்தாரு. அவரும் நம்ம பக்கத்து ஆளுதானே! "ஏம்மா, ஏழரைக்கு ராகு காலம். அந்தம்மாவை வரச் சொல்லு, சீக்கிரம்!"

அக்கரையில பச்சைப் புடவை, கையில பிளாஸ்டிக் கவர். இன்டர்வியூவுக்குப் போற மத்தவங்களுக்கு முன்னாடி சின்னம்மா ஓடி வந்தா. பாலம் நடுவுல வந்து நின்னுட்டா! கீழே தண்ணியைப் பார்த்துக்கினு அப்டியே நிக்கிறா.

"நிக்காத! வாடி!"ன்னு நான் கத்தின கத்துல ரெண்டு ஜவானுங்க சிரிச்சுட்டாங்க. ஏழு இருவத்தாறுக்கு இந்தக் கரையில கால் வச்சா. வந்ததும் வராததுமா என் கன்னத்துல ஒரு அடி, பெருசா இல்ல, சின்னதா. "உன் நாலு நாளுக்கு"ன்னா. அப்புறம் கட்டிப் புடிச்சுக்கினா.

வண்டியைக் கிளப்பினேன். பிச்சாட்டூர், புத்தூர், எங்கியும் நிறுத்தல. அவ பின்னாடி உக்காந்து சர்டிபிகேட் கவரை நெஞ்சோட அணைச்சுக்கினு, தெலுங்குல பதில் சொல்லிப் பழகிக்கினே வந்தா. திருப்பதியில டிராபிக்ல மாட்டினப்போ ரெண்டு பேரும் சேர்ந்து ஆட்டோக்காரரைத் திட்டினோம். ஒன்பது அம்பதுக்கு அவ பேரைக் கூப்பிடற எடத்துல கொண்டு போயி நிறுத்திட்டேன். அவ எழுந்து உள்ள போகும்போது பார்த்தேன், புடவையில பின்னாடி பூரா சாக்பீஸ் கோடு. என் சீட்டுக் கோடு! தட்டி விடறதுக்குள்ள கதவு மூடிடிச்சு.

வேலை கெடைச்சுது. அது ரெண்டு மாசம் கழிச்சு லெட்டர்ல வந்த சேதி. இப்போ அக்கரை ஊர்ல இருவது பசங்க அவளை டீச்சருன்னு கூப்பிடறாங்க. ஆனா எனக்கு அந்த லெட்டரை விட அன்னிக்கு அவ வெளியில வந்து சொன்னதுதான் இன்னும் காதுல கேக்குது.

மார்க் லிஸ்டைப் பார்த்தாங்களாம், டிக்டேஷன் கொடுத்தாங்களாம், எல்லாம் சரி. கடைசியில நடுவுல உக்காந்திருந்த மேடம் ஒரு கேள்வி கேட்டாங்களாம். "ஒன்பதாவது முடிச்சதுக்கும் பத்தாவது எழுதினதுக்கும் நடுவுல இத்தினி வருஷம் இருக்கேம்மா. அத்தினி வருஷம் ஏன் நின்னுட்ட?"

"நீ இன்னா சொன்ன?"ன்னு கேட்டேன்.

"பழகி வச்ச பதில் எல்லாம் மறந்து போச்சுடி. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். நேனு ஆபலேது மேடம், நூலு ராலேதுன்னேன்."

நான் நிறுத்தல மேடம், நூல் வரல.